பைத்தானிடம் 1ஆம் எண்ணைக் கேட்டு வாங்குவது

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருக்களின் பெயர்ப்பலகைகள் தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கும். அந்தப் பெயர்களைப் பட்டியலாக்கும் பைத்தான் நிரல் ஒன்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பயன்படுத்தும் சி லைப்ரரி நடுநடுவே தன் செய்திகளைத் திரையில் கொட்டினால், அந்தக் குப்பை பட்டியலுக்குள்ளும் ஏறிவிடும். பைத்தானின் ‘ரீடைரக்ட் எஸ்டிடிஅவுட்’ இங்கே உதவாது. அது பைத்தான் பக்கத்தை மட்டும் திருப்பும். சி லைப்ரரியோ இயங்குதளத்தின் 1ஆம் எண்ணுக்கு (ஃபைல் டிஸ்கிரிப்டர்) நேராக எழுதுகிறது.

இந்த எண்களில் உள்ளீட்டுக்கு 0, வெளியீட்டுக்கு 1, பிழைச்செய்திக்கு 2. ‘சிஸ்.எஸ்டிடிஅவுட்’டிடம் ‘ஃபைல்நோ’ கேட்டால் வழக்கமாக 1 வரும். ஐடில் ஜன்னலில் கேட்டால் பிழைதான் வரும். அங்குள்ள வெளியீட்டுக்குப் பின்னால் எண்ணே கிடையாது. ஆகவே டெர்மினலில் ஓட்டுங்கள்.

லைப்ரரி ஓடும் நேரத்தில் மட்டும் இந்த 1ஐ ஒரு லாக் கோப்புக்குத் திருப்புவதே வழி. எண் கிடைத்ததும் முதல் வேலை ஃபிளஷ். டெர்மினலில் வரிக்கு வரி வெளியேறும் எழுத்து, கோப்புக்குப் போகும்போது பஃபரில் தேங்கும். அதைத் தள்ளிவிடாமல் எண்ணைத் திருப்பினால் பட்டியலின் பாதி லாக் கோப்பில் போய் விழும். அடுத்து ‘ஓஎஸ்.டப்’ கொண்டு 1க்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். லாக் கோப்பைத் திறந்து, அதன் எண்ணை ‘டப்2’ மூலம் 1இன் இடத்தில் பொருத்துங்கள். இப்போது லைப்ரரியை ஓட்டலாம். முடிந்ததும் நகலை மறுபடி ‘டப்2’ செய்து 1ஐ மீட்டு, நகலை மூடிவிடுங்கள். மீட்கும் வரிகள் ‘ஃபைனலி’க்குள் இருக்கட்டும், இல்லையேல் நடுவில் பிழை வந்தால் அதன்பின் வெளியீடு திரைக்கு வராது.

சி லைப்ரரிக்கும் தனி பஃபர் உண்டு. மீட்பதற்கு முன் ‘சிடைப்ஸ்’ வழியாக அதன் ‘எஃப்ஃபிளஷ்’ஷையும் அழைக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பைத்தானிலிருந்து நாமே எண்ணுக்கு நேராக எழுதவும் வழி உண்டு. அதற்கான ‘ஓஎஸ்.ரைட்’ எழுத்தை ஏற்காது, பைட்டைத்தான் ஏற்கும். யூடிஎஃப்-8இல் ‘புதுச்சேரி’ 10 யூனிகோடு குறியீடுகள், 30 பைட். ஊரின் பிரெஞ்சுப் பெயரும் 10 எழுத்துதான். ஆனால் மேற்கோடிட்ட ஒரே எழுத்துக்கு 2 பைட் போக, மொத்தம் 11. எழுதி முடித்தபின் ‘ஓஎஸ்.ரைட்’ திருப்பித் தரும் எண்ணும் பைட் கணக்கே. கொடுத்ததைவிடக் குறைவாக வந்தால் மிச்சத்தை மறுபடி எழுதுங்கள்.

விண்டோஸில் இந்த 1 என்பது சி ரன்டைமின் எண் மட்டுமே. இயங்குதளத்தின் அசல் ஹேண்டில் வேண்டுமென்றால் ‘எம்எஸ்விசிஆர்டி’யின் ‘கெட் ஓஎஸ்எஃப்ஹேண்டில்’ மூலம் கேட்டு வாங்குங்கள்.