உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த படகு

1896-ம் ஆண்டு ஜூன் மாதம் 12-ந் தேதி. வட துருவத்தை அடுத்த பிரான்ஸ் ஜோசப் லாண்ட் என்னும் பனித்தீவுகளில் இரண்டு பேர் ஒரு பனிமேட்டின் மீது நின்றார்கள். ஒருவர் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் நான்சன். மற்றவர் அவருடைய தோழர் ஜொஹான்சன். படகில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போயிருந்தது. காலை நீட்டிக்கொள்ளவும், மேலே போகவேண்டிய வழியைப் பார்க்கவும் அங்கே ஏறியிருந்தார்கள்.

திடீரென்று ஜொஹான்சன் கத்தினார். கீழே பனிக்கரையில் கட்டிவிட்டு வந்த படகுகள் ஆள் இல்லாமல் கடலில் போய்க்கொண்டிருந்தன! கட்டிய வார் விட்டுவிட்டது.

உணவு, துப்பாக்கி, தோட்டா, துணிமணி எல்லாம் படகில் இருந்தன. கரையில் நின்றவர்களிடம் ஒரு கத்தி கூட இல்லை. படகு போனால் இருவர் உயிரும் போனது போலத்தான்.

நான்சன் தன் கடிகாரத்தைக் கழற்றித் தோழரிடம் கொடுத்தார். மேல் உடைகள் சிலவற்றை எறிந்தார். கடலில் குதித்துவிட்டார். பனிக்கட்டிகள் மிதக்கும் தண்ணீர்! இவர் நீந்த நீந்தப் படகுகளைக் காற்று தள்ளிக்கொண்டே போயிற்று. களைத்தபோது மல்லாந்து நீந்தினார். கை கால் விறைத்துவிட்டது. கடைசியில் படகின் மேல் குறுக்கே கிடந்த பனிச்சறுக்குக் கட்டை ஒன்று கைக்கு எட்டியது. பிடித்தும் ஏற முடியவில்லை. எப்படியோ ஒரு காலைத் தூக்கி மேலே போட்டு ஏறிவிட்டார்.

திரும்பும் வழியில் எதிரே இரண்டு கடற்பறவைகள் தெரிந்தன. நடுநடுங்கிக்கொண்டே துப்பாக்கியை எடுத்து இரண்டையும் சுட்டார். சாப்பாட்டுக்கு! அதைப் பார்த்த ஜொஹான்சன், இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து போனாராம்.

எப்படிப்பட்ட படகு?

இவ்வளவு பாடுபட்டு மீட்ட அந்தப் படகின் பெயர் கயாக். மேல்புறமும் மூடிய ஒற்றை ஆள் படகு அது. நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். அதற்குள் காலை நீட்டி உட்கார வேண்டும். இரண்டு முனையிலும் தட்டையான ஒரே துடுப்பால் இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு.

கயாக்கை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் வட துருவ ஓரத்தில் வாழும் இனுயிட் முதலிய மக்கள். எஸ்கிமோக்கள் என்று முன்பு சொன்னது இவர்களைத்தான். நான்சன் 1888-ல் கிரீன்லாந்துப் பனிப்பாலைவனத்தைக் குறுக்கே கடந்தார். கடந்து வந்து பார்த்தால் ஊர் திரும்பக் கப்பல் இல்லை. குளிர்காலம் முழுவதும் காட்ஹாப் என்ற ஊரில் தங்கினார். இன்று அந்த ஊருக்கு நூக் என்று பெயர். அங்கேதான் ஊர்க்காரர்களிடம் கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டார். பின்னால் உயிரைக் காத்தது அந்தப் பாடம்.

கையே அளவுகோல்

கிரீன்லாந்தில் கயாக்கைக் கடையில் போய்ப் பொறுக்கி வாங்கும் வழக்கம் இருந்ததில்லை. சட்டைக்குத் தையற்காரர் அளவெடுப்பது போல, ஓட்டுகிறவனின் உடம்பை அளந்து கட்டினார்கள். ஊருக்கு ஊர் கணக்கு கொஞ்சம் மாறும். பொதுவாக, இரு கைகளையும் அகல விரித்தால் வரும் நீளத்தைப் போல் மூன்று மடங்கு படகின் நீளம். இடுப்பு அகலத்தோடு இரண்டு முஷ்டி சேர்த்தால் படகின் அகலம். முஷ்டியை மடக்கிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் எவ்வளவோ அவ்வளவுதான் ஆழம். துடுப்புக்கும் இப்படியே கையளவு உண்டு.

இதனால் ஒருவர் படகு இன்னொருவருக்குப் பொருந்துவது அரிது. அண்ணன் படகில் தம்பி ஏறினால், அண்ணன் செருப்பைத் தம்பி போட்டுக்கொண்ட கதைதான். இறுக்கமாகப் பொருந்தினால்தான் இடுப்பை அசைத்தவுடன் படகும் அசையும். லொடலொட என்று இருந்தால் அலையில் கவிழ்த்துவிடும்.

கிரீன்லாந்தில் பெரிய மரங்கள் வளர்வதில்லை. அப்படியானால் மரத்துக்கு எங்கே போவது? சைபீரியாவின் ஆறுகள் அடித்து வந்த மரங்கள் பனிக்கட்டிகளோடு மிதந்து வந்து கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கும். அதைப் பொறுக்கி எடுத்துச் சட்டம் செய்தார்கள். விலா எலும்பு போல வளைந்த குச்சிகளைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டினார்கள். ஆணியால் இறுக்கிய சட்டம் அலை மோதினால் விண்டுபோகும். கட்டிய சட்டம் வளைந்து கொடுக்கும்.

பெண்கள் கையில் உயிர்

சட்டம் ஆணின் வேலை. அதற்குமேல் எல்லாம் பெண்ணின் வேலை. சீல் என்னும் கடல் பிராணியின் தோல் நான்கைந்தை மயிர் போக்கி, ஈரமாக இருக்கும்போதே சட்டத்தின் மேல் இழுத்துப் பெண்கள் தைப்பார்கள். மிருகத்தின் தசைநார்தான் நூல். ஊசி தோலின் மறுபக்கம் வரை துளைத்துவிடக் கூடாது. துளைத்தால் அந்த வழியே தண்ணீர் வரும். காய்ந்ததும் தோல் மேளம் போல விறைத்துக்கொள்ளும். வேட்டைக்குப் போன கணவன் திரும்பி வருவது மனைவி போட்ட தையலில் இருந்தது.

தைத்துவிட்டால் வேலை தீர்ந்ததா? இல்லை. தோல் தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தால் தொளதொளத்துப் போகும். ஆகவே படகைக் கரைக்குத் தூக்கி வந்து காயவைக்க வேண்டும். தையல்களுக்குச் சீல் கொழுப்பைத் தடவ வேண்டும். புதிதாக உறைந்த மெல்லிய பனிக்கட்டி கத்தி போல் தோலைக் கிழிக்கும். கிழிந்தால் உடனே ஒட்டுப்போட்டுத் தைக்க வேண்டும். ஓரிரண்டு ஆண்டுகளில் தோல் முழுவதையும் மாற்ற வேண்டும். இதில் நாய்த் தொல்லை வேறு! வண்டி இழுக்கும் நாய்கள் பசித்தால் படகையே கடித்துத் தின்றுவிடும். அதனால் உயரமான பரண் மேல் ஏற்றி வைப்பார்கள்.

படகோடு ஒட்டிய சட்டை

வேட்டைக்காரன் தோல் சட்டை ஒன்று போட்டுக்கொள்வான். அதன் பெயர் துயிலிக். முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் இறுக்கிக் கட்டி, கீழ் ஓரத்தைப் படகின் ஓட்டை விளிம்பில் மாட்டிவிடுவான். படகு தலைகீழாகக் கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது. அவன் துடுப்பை ஒரு வீசு வீசி, அப்படியே சுழன்று மறுபக்கம் எழுந்துவிடுவான். துடுப்பு போய்விட்டால் வெறும் கையாலேயே எழும்பும் வித்தையும் உண்டு. அந்தக் கடலில் வெளியே விழுந்தால் குளிரே கொன்றுவிடும் அல்லவா?

ஈட்டி, சுருட்டிய வார், காற்றடைத்த தோல் மிதவை இவை எல்லாம் மேலே தோல் வாரில் செருகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். பார்க்காமலே கை போகவேண்டும். ஈட்டி பட்ட சீல் பாயும்போது வார் கையிலோ துடுப்பிலோ சிக்கினால் ஆள் கவிழ்ந்தான். இப்படி மாண்டவர்கள் கிரீன்லாந்தில் ஏராளம்.

இன்று அங்கே வேட்டைக்கு மோட்டார் படகுகள் போகின்றன. ஆனாலும் பழைய கயாக்கை மறக்காமல் சங்கம் வைத்து, கவிழ்ந்து எழும்பும் போட்டி நடத்துகிறார்கள். மற்ற நாடுகளில் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி இழையிலும் கயாக் செய்கிறார்கள். அதை வாங்குகிறவரும் முதலில் உள்ளே உட்கார்ந்து, இடுப்பும் தொடையும் பாதமும் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வைக்கவேண்டும். வெயில் பிளாஸ்டிக்கையும் விடுவதில்லை.

நான்சனின் படகு

நான்சன் கிரீன்லாந்துப் படகை அப்படியே காப்பி அடிக்கவில்லை. அது சீலைத் துரத்துவதற்காக ஒல்லியாகவும் நீளமாகவும் கட்டியது. இவருக்கோ சறுக்குவண்டியில் ஏற்றி இழுக்கவேண்டும். பல மாத உணவும் அதில் கொள்ளவேண்டும். ஆகவே 'பிராம்' என்ற தம் கப்பலில் இருந்தபோதே, சுமார் 12 அடி நீளத்தில், குட்டையாக, அகலமாகச் செய்துகொண்டார். மூங்கில் சட்டம், மேலே பாய்த்துணி. 1895 மார்ச்சில் கப்பலை விட்டுப் புறப்பட்டார்கள். பனிமேடுகளில் இழுபட்டு மூங்கில் முறிந்தது, துணி கிழிந்தது. வழியில் பல நாள் நின்று பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. திறந்த கடல் வந்தபின் இரண்டு கயாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டிப் பாய் விரித்தார்கள். இப்படி இரட்டையாக உள்ள படகை ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்பார்கள். நம் கட்டுமரம்தான் அங்கே போய் அப்படி ஆயிற்று!

படகுகள் ஓடிப்போன அந்தச் சம்பவம் நடந்து மூன்றே நாள். ஜூன் 15-ந் தேதி, வால்ரஸ் என்னும் தந்தமுள்ள பெரிய கடல் மிருகம் நான்சனின் கயாக் மேல் பாய்ந்தது. அவர் துடுப்பால் அதன் தலையில் அடித்தார். அது தந்தத்தால் படகைக் குத்திக் கிழித்துவிட்டுப் போயிற்று. தண்ணீர் மடமடவென்று ஏறியது. மூழ்குவதற்குள் பனிக்கரையைப் பிடித்துவிட்டார்.

நனைந்ததைக் காயவைக்கவும் கிழிசலைத் தைக்கவும் அங்கேயே தங்கினார்கள். ஜூன் 17-ந் தேதி காலையில் நான்சனுக்குத் தூரத்தில் நாய் குரைப்பது கேட்டது. ஜாக்சன் என்ற ஆங்கிலேயரின் ஆராய்ச்சி முகாம் அருகே இருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஓராண்டுக்கு மேலாக வேறு மனிதர் முகத்தைப் பார்க்காதவர்கள் அவர்கள். நான்சன் சத்தம் வந்த திசையில் ஓடினார். ஜொஹான்சன் மட்டும் போகவில்லை. கயாக்குகளின் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.