பம்பருக்கு நரை!

காருக்கு வாக்ஸ் போட்டால் பெயின்ட் பளபளக்கும், சரி. கறுப்பு பிளாஸ்டிக் பம்பர்? டை அடிக்க மறந்த மாமா மீசை மாதிரி திட்டுத்திட்டாய் வெளுத்து நிற்கும்! சொரசொரப்பில் புகுந்த வாக்ஸ் காய்ந்துபோவதுதான் காரணம். தண்ணீர் ஊற்றினால் போகாது.

என் பழைய காரைப் பார்க்க வந்தவர், "வெயில்ல வெளுத்துப் போச்சே சார்" என்று விலையில் கை வைத்தார். வெயில் இல்லைய்யா, வாட்டர் வாஷ்காரர் கைங்கரியம்! பையனுடைய பென்சில் ரப்பரால் அவர் எதிரிலேயே தேய்த்தேன். கறுப்பு எட்டிப் பார்த்தது. மனுஷர் பேரத்தை நிறுத்திவிட்டார்.

பெரிய திட்டா? ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிழலில் வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். தின்னர் பக்கம் மட்டும் போயிடாதீங்க, பிளாஸ்டிக்கே பாழ். அடுத்த தடவை வாக்ஸ் டப்பாவைத் திறப்பதற்கு முன் பிளாஸ்டிக் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க.