தாயகம் திரும்பினாலும் அமெரிக்காவிலேயே நிற்கும் ஓய்வூதியப் பணம்: வரி விதிகள் கூறுவது என்ன?

புதுடெல்லி: அமெரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இந்தியா திரும்புவோர் வீட்டை விற்கின்றனர், காரை விற்கின்றனர். நிறுவனத்தின் வழியாகச் சேர்ந்த ‘401(கே)’ ஓய்வூதியக் கணக்கு மட்டும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. அதை இந்தியாவின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கோ, தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கோ நேரடியாக மாற்ற வழியில்லை. அமெரிக்காவுக்குள் ‘ஐஆர்ஏ’ எனப்படும் தனிநபர் ஓய்வூதியக் கணக்குக்கு வரியின்றி மாற்றலாம். கடல் கடந்து கொண்டுவர வேண்டுமெனில், பணத்தை எடுத்தே ஆக வேண்டும்.

எடுக்கும்போதுதான் இழப்பு தொடங்குகிறது. 59½ வயதுக்கு முன் எடுத்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வருமான வரியுடன் 10 சதவீதக் கூடுதல் வரியும் உண்டு. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் எனில், பொதுவாக 30 சதவீதம் முன்கூட்டியே பிடித்தம் செய்யப்படும். 40 வயதில் 50,000 டாலரை மொத்தமாக எடுப்பவருக்கு 15,000 டாலர் பிடித்தம் போக 35,000 டாலரே முதலில் கைக்கு வரும். கூடுதல் வரியான 5,000 டாலர் தனிக் கணக்கு. இறுதி வரி குறைவாக இருப்பின், அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து மீதியைத் திரும்பப் பெறலாம்.

பணத்தை அங்கேயே விட்டுவைக்கவும் சட்டத்தில் தடையில்லை. வெளிநாட்டில் வசித்த காலத்தில் ஈட்டிய சொத்தைத் தாயகம் திரும்பிய பிறகும் வைத்திருக்க அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. 401(கே) கணக்கின் வருவாய்க்கு, பணத்தை எடுக்கும் ஆண்டில்தான் அமெரிக்கா வரி விதிக்கிறது. இந்தியாவில் முழுமையான குடியிருப்பாளராகிவிட்டவருக்கோ, அந்த வருவாய் சேரும் ஆண்டிலேயே வரி. இந்தியாவில் இன்று செலுத்திய வரியும், அமெரிக்காவில் 20 ஆண்டுகள் கழித்துச் செலுத்தும் வரியும் ஒரே ஆண்டில் வராததால், ஒன்றை மற்றொன்றில் கழிக்க இயலாமல் போனது. கையில் ஒரு டாலரும் வராத பணத்துக்கு இரு முறை வரி என்பது எந்த அளவுகோலிலும் நியாயமன்று.

இதைச் சரிசெய்யவே 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரிச் சட்டத்தில் 89ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளின் ஓய்வூதியக் கணக்குகளுக்கு இது பொருந்தும். அந்நாட்டில் வசித்தபோது தொடங்கிய கணக்காக இருக்க வேண்டும். இச்சலுகையைத் தேர்வு செய்தவருக்கு, அந்த நாடு வரி விதிக்கும் ஆண்டிலேயே இந்தியாவிலும் வரி விதிக்கப்படும். இதற்கு 10-இஇ படிவத்தை, வருமான வரிக் கணக்கு தாக்கலுக்கான கெடுவுக்குள் இணையவழியில் அளிக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இச்சலுகை வேறு பிரிவு எண்ணில் தொடர்கிறது.

ஆனால் ஒருமுறை தேர்வு செய்தால் பின்வாங்க முடியாது. அவர் மீண்டும் வெளிநாடு சென்று ‘வசிக்காதவர்’ ஆகிவிட்டால், சலுகையைத் தேர்வே செய்யவில்லை எனக் கருதப்பட்டு, கடந்த ஆண்டுகளின் வருவாய்க்கும் வரி கேட்கப்படும். பிள்ளைகளின் படிப்புக்காகத் திரும்பவும் அமெரிக்கா செல்லும் எண்ணம் உள்ளவர்கள் இதை நன்கு யோசிக்க வேண்டும்.

திரும்பிய உடனே வரும் ஓரிரு ஆண்டுகள் முக்கியமானவை. முந்தைய 10 நிதியாண்டுகளில் 9 ஆண்டுகள் வசிக்காதவராக இருந்தவர், அல்லது முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் 729 நாள்களுக்கு மேல் தங்காதவர், ‘ஆர்என்ஓஆர்’ என்ற இடைநிலைத் தகுதி பெறுகிறார். அக்காலத்தில் அவரது வெளிநாட்டு வருமானத்துக்கு இந்தியாவில் பொதுவாக வரியில்லை. பணத்தை எடுத்தே தீர வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு இதைவிடச் சாதகமான காலம் அமைவதில்லை. அத்தகுதி முடிந்த பின், வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் இக்கணக்கைக் காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு.

சம்பளத்தில் கழிக்கப்பட்ட சமூகப் பாதுகாப்பு வரி வேறு கதை. ஓய்வூதியம் பெற 40 வரவுகள், அதாவது சுமார் 10 ஆண்டுப் பணி தேவை. ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளுடன் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துள்ள இந்தியாவுக்கு, அமெரிக்காவுடன் அத்தகைய ஒப்பந்தம் இல்லை. எனவே 6 ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர் செலுத்திய தொகை அவருக்குப் பயன்படுவதில்லை.

சிறு தொகை வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய விதியும் உண்டு. பணியிலிருந்து விலகியவரின் 401(கே) கணக்கில் 7,000 டாலருக்கு மிகாமல் இருந்தால், அவரது ஒப்புதலின்றியே அதை ஐஆர்ஏ கணக்குக்கு மாற்ற நிர்வாகத்துக்கு அனுமதி உள்ளது. 1,000 டாலருக்கு மிகாத தொகையைக் காசோலையாகவே அனுப்பிவிடலாம். முகவரியை மாற்றிக்கொள்ளாதவர்களின் காசோலை, அவர்கள் காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டுக்கே போய்ச் சேரும்.