கடலடி மண்ணும் ஒலி அளவையும்

பலாப்பழத்தை விரலால் தட்டி, அது முற்றிவிட்டதா என்று சொல்லும் வழக்கம் நாஞ்சில் நாட்டு வீடுகளில் இன்றும் உண்டு. ஆழம் குறைந்த கடலின் அடிமண்ணை ஆராயும் முறையும் ஏறக்குறைய இதுவேயாகும்.

வயலை நம்பி வாழும் நமக்குக் கடலடி மண் எதற்கு என்று உழவர் பெருமக்கள் கேட்கக்கூடும். நம் மாவட்டத்தில் பல ஊராட்சிகளின் எல்லை அலையோரத்தில்தான் முடிகிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் திரண்டு, படகுகள் கவிழ்ந்து, மீனவர்கள் உயிரிழந்ததை நாம் அறிவோம். இத்தகைய இடங்களில் மணலை அள்ளுமுன்னும், தடுப்புச் சுவரை நீட்டுமுன்னும், அடியில் இருப்பது மணலா, சேறா, பாறையா, அதன் கனம் எவ்வளவு என்பது தெரிந்தாக வேண்டும்.

பழைய மாலுமிகள் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் கண்டனர். குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் அடிமண் சிறிது ஒட்டி வரும். நல்ல முறைதான், ஆயினும் வருவது மேல்மண் மட்டுமே.

இக்காலத்தில் படகிலிருந்து ஒலித்துடிப்பைக் கீழே செலுத்துகின்றனர். காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் செல்லும். 15 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் எதிரொலி திரும்ப ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கே ஆகும். இந்த நேரம் ஆழத்தைக் காட்டும். எதிரொலியின் வலிமை மண்ணின் இயல்பைக் காட்டும். பாறை ஒலியைப் பலமாகத் திருப்பும். இளஞ்சேற்றில் பெரும்பங்கு நீரே ஆதலால், அது ஒலியை உள்ளே விட்டுவிடும். தாழ்ந்த சுருதியுள்ள ஒலி சேற்றைக் கடந்து, அடியிலுள்ள கெட்டித் தரையில் பட்டும் திரும்பும். இரு எதிரொலிகளுக்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து சேற்றின் கனத்தைக் கணக்கிடலாம்.

அக்கணக்குச் சரியாக வர, அந்த மண்ணில் ஒலி செல்லும் வேகம் தெரிய வேண்டும். அதற்காகக் குழாயை இறக்கி மண்ணை எடுத்து, ஒரு முனையில் ஒலியைச் செலுத்தி, மறுமுனைக்கு வந்து சேரும் நேரத்தை அளக்கின்றனர். நீர் ஊறிய மணலில் வேகம் 1,700 மீட்டர் அளவில் இருக்கும். நுண்சேற்றிலோ அது நீரிலுள்ள வேகத்தை ஒட்டியும், சில வேளைகளில் சற்றுக் குறைந்தும் இருப்பது வியப்பே. சேற்றில் வாயுக் குமிழிகள் இருப்பின் ஒலி அங்கேயே மழுங்கிவிடும். கீழே உள்ளது தெரியாது. ஆகவே மண்ணை எடுத்துப் பாராமல் எதிரொலியை மட்டும் நம்பி வேலையைத் தொடங்குவது தகாது என்பது நம் கருத்து.

ஆழம் குறைந்த நீரில் வேறு தொல்லையும் உண்டு. ஒலி, நீரின் மேற்பரப்புக்கும் தரைக்கும் இடையே மாறி மாறி மோதுவதால் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அலையில் படகும் ஆடும். ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கையில் இவ்வேலை நடவாது. ஆனால் மணல் எங்கே நகர்ந்தது என்றறிய, அப்பருவத்துக்கு முன்னர் ஒரு முறையும் பின்னர் ஒரு முறையும் அளத்தல் அவசியம்.

1966இல் தொடங்கப்பெற்று, கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடலியல் நிறுவனமும், சென்னையில் 1993இல் நிறுவப்பெற்ற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் கடலடி ஆய்வில் ஈடுபட்டுள்ளன. அளவைக்காரர்கள் நம் கரைக்கு வருங்கால், ஊராட்சி உறுப்பினர்கள் அனுபவமுள்ள மீனவர் இருவரையேனும் உடன் அனுப்புதல் நலம். கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் நேர்கண்டு, அடியில் பார் இருக்கும் இடத்தைச் சொல்ல வல்லவர்கள் அவர்கள். அளவை முடிந்தபின் படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி ஊராட்சி அலுவலகத்தில் வைத்துக்கொள்ளவும் தவறலாகாது.