மானியமும் மதிப்பெண்ணும்

பொதுமக்களின் வரிப்பணத்தைப் பெறும் கல்விக்கூடம் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டுமா? வேண்டும்; ஐயமில்லை. ஆயினும், எதை எண்ணிக் கணக்குக் கேட்கிறோமோ, அதுவே நாளடைவில் அக்கல்விக்கூடத்தின் குறிக்கோளாகிவிடுகிறது. நம் மாகாணத்தின் வரலாறே இதற்குச் சான்று.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசாங்கம் உதவி மானியம் வழங்க வழிவகுத்தது. 1862இல் இங்கிலாந்தில், தேறிய மாணவரை எண்ணிப் பணம் கொடுக்கும் புதுவிதி எழுந்தது. அம்முறை 1860களிலேயே, செங்கற்பட்டு ஜில்லா அடங்கிய சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர் தொகைக்கேற்ப மானியம் கிடைக்கும்.

சிக்கனமும் நியாயமும் ஒருங்கே அமைந்த ஏற்பாடாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால், ஆசிரியரின் வருவாய் அந்த ஒருநாள் சோதனையைப் பொறுத்ததாயிற்று. எனவே சோதனையில் கேட்பது மட்டுமே பாடமாயிற்று. பொருள் விளங்காத மனப்பாடம் பெருகியது. அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வயலுக்குப் போய்விடும் ஏழைக் கிராமத்தில் தேர்ச்சியும் குறையும், மானியமும் குறையும். அதிக உதவி வேண்டிய பள்ளிக்கே குறைந்த உதவி! கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமான மாத்யூ ஆர்னால்டு இங்கிலாந்தில் இதனை வன்மையாக எதிர்த்தார். இந்திய அரசாங்கத்தின் 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் கைவிட்டது.

மாணவ நண்பர்களே, இது பழங்கதையன்று. வயதையும் பழைய மதிப்பெண்ணையும் பாராமல், உள்ளூரிலேயே, குறைந்த செலவில் தொழிலும் கல்வியும் தருவது சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் நகரில் தோன்றிய இரண்டாண்டுக் கல்லூரி இவ்வகைக்கு முன்னோடி. சென்னையில் 1996இல் இத்தகைய கல்லூரி தொடங்கிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1978இல் சொத்துவரிக்கு வரம்பு கட்டப்பட்டது; கல்லூரிகளின் வருவாய் சுருங்கியது; 1984இல், அதுவரை இலவசமாயிருந்த படிப்புக்குக் கட்டணம் வந்தது. டென்னசி மாநிலமோ 1979 முதல் மானியத்தின் ஒரு பகுதியைக் கல்லூரிகள் காட்டும் பயனோடு பிணைத்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. இத்திட்டங்களால் பட்டம் பெறுவோர் பெரிதும் பெருகவில்லை என்றும், சில கல்லூரிகள் குறுகியகாலச் சான்றிதழ்களையே நாடின என்றும் ஆய்வாளர் பலர் கண்டுள்ளனர்.

இதனை நம் கடற்கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கோவளத்து இளைஞர் ஒருவர் அந்நாளில் படகு எந்திரம் பழுதுபார்க்கக் கற்கிறார். தடை நீங்கியதும் கடலுக்குச் செல்கிறார். மறு ஆண்டு மீண்டும் வருகிறார் என்று கொள்வோம். ஓராண்டில் சான்றிதழ் பெற்றவரை மட்டும் எண்ணும் ஏட்டில் அவர் தோல்வி. ஆனால் அவர் படகில் எந்திரம் ஓடுகிறது! மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் நாட்கூலி பெறும் உதவியாளர் நிலையும் அதுவே. இத்தகையோரைச் சேர்க்காதிருப்பதே கல்லூரிக்கு ஆதாயம் என்றாகிவிட்டால், ஏழைக்காகத் திறந்த கதவு ஏழைக்கே மூடிவிடும்.

அப்படியாயின் கணக்கே வேண்டாவா? வேண்டும். ஆசிரியர் ஊதியத்துக்கும் கருவிகளுக்கும் உறுதியான மானியம் முதலில் அமையட்டும். பின்னர், மாணவர் எங்கே தொடங்கினார், எவ்வளவு தூரம் வந்தார் என்று அளக்கட்டும். முழங்கால் நீரில் நிற்பவரையும் கரையில் நிற்பவரையும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கியவராகக் கருதுவது அறமன்று.

நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர், சிலர் அதிகாரியாவீர். தேர்ச்சிப் பட்டியல் கைக்கு வரும்போது, அதில் இடம்பெறாதவர் யார் என்பதையும் கேளுங்கள்.