ஆன்சா தடம்: பாலைவனத்தில் வரலாற்றுப் பாதை அமைவது எப்படி?

ஸ்பானியப் படைத்தலைவர் ஹுவான் பவுதீஸ்தா தே ஆன்சா 1775 அக்டோபரில் சுமார் 240 பேருடன் இன்றைய அரிசோனாவின் டூபாக்கிலிருந்து கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். பெரும்பாலோர் குடியேறப் போன குடும்பங்கள். கூடவே பெரிய கால்நடை மந்தையும் நடந்தது. அவர்கள் போன வழியை 1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய வரலாற்றுத் தடமாக அறிவித்தது. ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் நீளும் இத்தடம் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் உள்ளது.

திட்டமிடுவோருக்கு முதல் சிக்கல், பாதை எங்கே போனது என்பதுதான். ஆன்சாவும் உடன் சென்ற பாதிரியார் பெத்ரோ ஃபோன்ட்டும் எழுதிய நாட்குறிப்புகளில் திசையும் அன்றாடம் கடந்த தொலைவும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு தங்கிய இடங்களை ஓரளவு ஊகிக்கலாம். இடைப்பட்ட வழியைக் கோடாக வரைய முடியாது. அதனால் வரலாற்று வழி ஓர் அகலமான பட்டையாகவே குறிக்கப்படுகிறது. நடப்பவர்களுக்குத் துண்டு துண்டாகப் பாதைகளும், காரில் வருவோருக்குச் சாலை வழியும் தனியே உண்டு.

பாலைவனப் பகுதியில் முடிவெடுப்பது தண்ணீர். 1774-ல் முன்னோட்டமாகச் சென்றபோது கொலராடோ ஆற்றுக்கு மேற்கே மணல்மேடுகளில் சிக்கித் திரும்பிய ஆன்சா, பிறகு தெற்கே சுற்றிப் போனார். அந்த அனுபவத்தால் அடுத்த பயணத்தில், குவெச்சன் பழங்குடியினர் உதவியோடு ஆற்றைக் கடந்ததும் கூட்டத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு குழு இறைத்த ஊற்று மீண்டும் சுரக்கட்டும் என்று அடுத்த குழு ஒரு நாள் தள்ளிக் கிளம்பியது. இருந்தும் டிசம்பர் குளிரில் மாடுகள் பல மடிந்தன.

இன்றும் அதே தண்ணீர்க் கணக்குதான், பங்காளிகள் மட்டும் வேறு. ஆன்சாவின் கூட்டம் சென்ற கயோட்டி பள்ளத்தாக்கு, ஆன்சா-பொர்ரேகோ பூங்காவுக்குள் இருக்கிறது. காட்டுச் செம்மறிகள் தடையின்றி நீர் அருந்த, ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மனிதர்களுக்கு அனுமதி இல்லை.

தடத்தோரத் தகவல் பலகைகளில் எழுதுவது இன்னும் கடினம். ஆற்றைக் கடக்க உதவிய அதே குவெச்சன் மக்கள் 1781-ல் கிளர்ந்தெழுந்து இவ்வழியை ஸ்பானியருக்கு அடைத்துவிட்டார்கள். அதைச் சொல்லாத பலகை பாதிக் கதைதான்.

புதிதாக நடக்க வருவோருக்கு எளிதான துண்டு, டூபாக்கிலிருந்து துமகாகோரி வரை சாந்தா குரூஸ் ஆற்றோரம் செல்லும் சுமார் 7 கிலோமீட்டர். அங்கே நெடுமரங்களின் நிழல் உண்டு. ஆற்றில் ஓடுவதில் பெரும்பங்கு, அமெரிக்க-மெக்சிகோ எல்லையின் இருபுறமுள்ள நொகாலெஸ் நகரங்களின் கழிவுநீரைச் சுத்திகரித்து விடும் தண்ணீர்.