தெரிஞ்சா மட்டும் போதுமா?

வேதத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. நம்பி வாழ்வது வேறு. எப்படின்னு கேக்குறீங்களா?

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறியவர். 1853-ல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியரானார். அங்கே கிறிஸ்தவக் கருத்துகள் தெரிஞ்சுது. ஆனா மனசு உடனே மாறலை. நூல்களைப் படிச்சார், நண்பர்களோடு பேசினார், யோசிச்சார். ஐந்து வருஷம் ஆச்சு! இயேசுவை மனதார நம்பிய பிறகே, 1858-ல் சென்னைக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார்.

கற்ற தமிழை விட்டுட்டாரா? இல்லை. ஜான் பனியன் எழுதிய ஆங்கிலக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியம் பாடினார். 1894-ல் அச்சானது. 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பேர் வந்தது.

மார்க்குக்காகப் படிச்சது பரீட்சையோடு போயிடும். மனசால ஏத்துக்கிட்டதுதான் கடைசிவரை கூட வரும். சிந்திப்போமா?